எல்லை தாண்டிய கோப்பை
மலேசியக் கோப்பைப் போட்டி நமக்குச் சொல்லும் பாடம்

(மூன்றாம் ஆண்டு மாணவர், இயந்திரவியல் பட்டயப் பிரிவு)



ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், கதை இருக்கும், நாலு ஜோக்கு இருக்கும். இந்தப் பக்கத்தில் ஒரு பாடம் இருக்கிறது. பயந்து பக்கத்தைப் புரட்டிடாதீங்க. இதுக்கு இன்டர்னல் மார்க் கிடையாது, அரியரும் விழாது. பாடப்பொருள் நமக்கெல்லாம் பிடித்த கால்பந்து.

உலகக் கோப்பை எல்லாருக்கும் தெரியும். நாடும் நாடும் மோதும் போட்டி அது. உள்ளூர் லீக்கும் நமக்குத் தெரியும். ஒரே நாட்டு அணிகள் தங்களுக்குள் ஆடுவது. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வகை உண்டு. ஒரு நாட்டின் உள்நாட்டுக் கோப்பையில் பக்கத்து நாட்டு அணியும் வருஷா வருஷம் வந்து ஆடும், சில சமயம் கோப்பையைத் தூக்கிக்கொண்டும் போகும். இப்படிப்பட்ட போட்டி எப்படிப் பிறக்கிறது? எதனால் வளர்கிறது? கடைசியில் எதனால் உடைகிறது? இதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

இதற்கு நல்ல உதாரணம் நம் தமிழர்கள் வாழும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலுமே இருக்கிறது.

1. கப்பல்காரர்கள் கொடுத்த கோப்பை

முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையில் 'மலாயா' என்று ஒரு போர்க்கப்பல் இருந்தது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் என்ற நான்கு மலாய் மாநிலங்கள் சேர்ந்து பணம் கொடுத்துக் கட்டிய கப்பல். அதனால்தான் அந்தப் பெயர். 1916-ல் ஜட்லாண்ட் கடற்போரில் சண்டை போட்ட கப்பல் இது.

போர் முடிந்தபின் 1921-ன் தொடக்கத்தில் இந்தக் கப்பல் மலாயா கரைக்கு வந்தது. கப்பல் நிற்கும் துறைமுகங்களில் மாலுமிகள் சும்மா இருப்பார்களா? உள்ளூர்க்காரர்களோடு கால்பந்து, ரக்பி என்று இறங்கி ஆடினார்கள். ஊர் ஜனங்கள் கொடுத்த உபசாரத்துக்கு நன்றியாக இரண்டு கோப்பைகளை அன்பளிப்பாக அனுப்பினார்கள். ஒன்று கால்பந்துக்கு, இன்னொன்று ரக்பிக்கு.

அந்தக் கால்பந்துக் கோப்பைதான் 'மலாயா கோப்பை'. 1921 ஆகஸ்ட் மாதம் கோலாலம்பூரில் முதல் மேட்ச். சிலாங்கூர் அணி பினாங்கை 5–1 என்று ஜெயித்தது. அக்டோபர் 1-ம் தேதி நடந்த முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் 2–1 என்ற கணக்கில் சிலாங்கூரைத் தோற்கடித்துக் கோப்பையை வாங்கியது. அன்று தொடங்கிய சிங்கப்பூர்–சிலாங்கூர் போட்டி முக்கால் நூற்றாண்டு நீடித்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1921-ல் மலாயாவும் சிங்கப்பூரும் வெள்ளைக்காரன் ஆட்சியில்தான் இருந்தன. கோப்பை பிறந்தபோது நாட்டு எல்லை என்ற பேச்சே இல்லை. எல்லை பின்னால் வந்தது.

2. நம்ம ஜனங்க அங்கே எப்படி?

"மலேசியக் கால்பந்துக்கும் ஆரணிக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் எடுத்த மாவட்டங்களில் வட ஆற்காடு முக்கியமான ஒன்று. தஞ்சாவூர், திருச்சி, சேலம் மாவட்டங்களும் அப்படியே. நம் ஆரணி 1989 வரை அந்த வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த குடியேற்ற முகாம்களில் தங்க வைத்து, அங்கிருந்து கப்பல் ஏற்றினார்கள். போனவர்களில் திரும்பியவர்களும் உண்டு, அங்கேயே மண்ணோடு மண்ணாகப் போனவர்களும் உண்டு.

அவர்களுடைய பேரன், கொள்ளுப்பேரன் தலைமுறையில்தான் கால்பந்து மைதானத்தில் தமிழ்ப் பெயர்கள் ஒலிக்க ஆரம்பித்தன. சிலாங்கூர் அணியின் கோல்கீப்பர் ஆர். ஆறுமுகத்துக்கு ரசிகர்கள் வைத்த பெயர் 'ஸ்பைடர்மேன்'. நீண்ட கைகள். பந்து எந்த மூலைக்குப் போனாலும் எட்டிப் பிடிப்பார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற மலேசிய அணியில் அவரும் ஒருவர். மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் போகும் வாய்ப்புப் போனது. 1988-ல் ஒரு சாலை விபத்தில் இறந்தார். எம். சந்திரன் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடியவர். அந்த ஒலிம்பிக்கில் மலேசியா அமெரிக்காவை 3–0 என்று ஜெயித்தது. சிலாங்கூருக்கு ஆடிய கே. ராஜகோபால் பின்னால் மலேசியாவின் பயிற்சியாளராகி, 2010-ல் தென்கிழக்கு ஆசியக் கோப்பையை வாங்கித் தந்தார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரிலும் இதே கதைதான். அங்கேயும் ஒரு எஸ். ராஜகோபால். ஃப்ரீ கிக் அடித்தால் பந்து வாழைப்பழம் மாதிரி வளைந்து கோலுக்குள் போகும். 'பனானா கிக்' என்றாலே அங்கே அவர் பெயரைத்தான் சொல்வார்கள். 1977-ல் சிங்கப்பூர் அணியின் கேப்டன் சமட் அல்லாபிச்சை. அல்லாபிச்சை என்ற பெயர் நம்ம பக்கத்து ஊர்களில் இன்றும் கேட்கிற பெயர்தானே!

ஆக, எல்லையின் இரண்டு பக்கமும் நம்மவர்கள். ஒருத்தர் அடிக்கிறார், ஒருத்தர் தடுக்கிறார். கேலரியிலும் இரண்டு பக்கமும் தமிழில் கத்துகிறார்கள்.

3. நாடு பிரிந்தது, கோப்பை பிரியவில்லை

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தபோது போட்டி நின்றது. போருக்குப் பின் மறுபடி தொடங்கியது. 1957-ல் மலாயா சுதந்திரம் அடைந்தது. 1963 செப்டம்பர் 16-ல் சிங்கப்பூரும் சேர்ந்து 'மலேசியா' உருவானது. இரண்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. 1965 ஆகஸ்ட் 9-ல் சிங்கப்பூர் பிரிந்து தனி நாடானது.

பிரிவினை சுமுகமாக நடந்ததாகச் சொல்ல முடியாது. அரசியல் கசப்பு இருந்தது, இனக் கலவரங்களும் நடந்திருந்தன. ஒரே வீட்டில் இருந்த அண்ணன் தம்பி சுவர் எழுப்பிக்கொண்ட மாதிரி. ஆனால் கோப்பை விஷயத்தில் நடந்ததைப் பாருங்க. அதே 1965-ல் கோப்பையை வென்ற அணி சிங்கப்பூர். பிரிந்து போன தம்பி கையில் வீட்டுக் கோப்பை!

1967-ல் 'மலேசியக் கோப்பை' என்று பெயர் மாறியது. பெயரிலேயே மலேசியா இருக்கிறது. ஆனால் வேறு நாடான சிங்கப்பூரும் அதில் ஆடுகிறது. சிலாங்கூர், பேராக், பினாங்கு எல்லாம் மலேசியாவின் மாநிலங்கள். அவற்றுக்குச் சமமாக ஒரு தனி நாட்டின் அணி. உலகத்தில் இப்படிப்பட்ட ஏற்பாடு அபூர்வம்.

இது ஏன் சாத்தியமாயிற்று? நாற்பது வருஷப் பழக்கம் ஒரு காரணம். இரண்டு பக்கத்து ரசிகனுக்கும் அந்த மேட்ச் வேண்டியிருந்தது என்பது இன்னொரு காரணம். ஜோகூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் உள்ள கடற்பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். நம்ம கமண்டல நாகநதிப் பாலத்தைவிடக் கொஞ்சம் பெரிசு என்று வைத்துக்கொள்ளுங்களேன். சொந்தக்காரன் அந்தப் பக்கம், வேலை இந்தப் பக்கம் என்று வாழ்ந்த ஜனங்களுக்கு, அரசியல் பிரிந்த வேகத்தில் ஆட்டத்தையும் பிரிக்க மனசு வரவில்லை.

4. கல்லாங் கர்ஜனை

1973-ல் சிங்கப்பூரின் கல்லாங் பகுதியில் தேசிய விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. 55,000 பேர் உட்கார அங்கே இடம் இருந்தது. மலேசியக் கோப்பை மேட்ச் என்றால் நிரம்பி வழியும். அந்தக் கூட்டம் போடும் சத்தத்துக்கே 'கல்லாங் கர்ஜனை' என்று பெயர் வந்துவிட்டது.

1965-க்குப் பிறகு சிங்கப்பூருக்குக் கோப்பை கிடைக்கவில்லை. 12 வருஷம் காத்திருந்தார்கள். 1977-ல் 'அங்கிள்' என்று எல்லாரும் கூப்பிட்ட சூ செங் குவீ பயிற்சியாளர். கண்டிப்பான மனிதர் என்று பேர் வாங்கியவர். கோலாலம்பூர் மெர்டேக்கா மைதானத்தில் இறுதியாட்டம், எதிரணி பினாங்கு. 90 நிமிடத்தில் முடிவு வரவில்லை. கூடுதல் நேரத்தில் குவா கிம் சோங் அடித்த கோலில் 3–2 என்று சிங்கப்பூர் ஜெயித்தது.

மூன்று வருஷம் கழித்து 1980-ல் மறுபடி பழைய எதிரி சிலாங்கூர். வெற்றி கோல் அடித்த பையனுக்கு அப்போது வயது 17. பெயர் ஃபாண்டி அஹமது. அந்த வயதில் நாம் டிப்ளமோ முதல் வருஷத்தில் டிராயிங் ஷீட்டைக் கிழித்துக்கொண்டிருந்தோம்! முடிவு 2–1.

அதற்கப்புறம் வந்தவர் வி. சுந்தரமூர்த்தி. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு எதிராளியை ஏமாற்றுவதில் மன்னன். சுவிட்சர்லாந்தின் பாசல் அணிக்காகவும் ஆடியிருக்கிறார். 1993-ல் புருனே அணிக்கு எதிராக அந்தரத்தில் பல்டி அடித்து அவர் போட்ட கோலை சிங்கப்பூர்க்காரர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள்.

புருனே என்றேனே, அதுவும் தனி நாடுதான். அந்தக் குட்டி நாடும் மலேசியக் கோப்பையில் ஆடியது. 1999-ல் சரவாக் அணியை 2–1 என்று தோற்கடித்துக் கோப்பையையே வென்றது.

5. உச்சமும் உடைவும்: 1994

1994 சிங்கப்பூருக்குப் பொன்னான வருஷம். பயிற்சியாளர் டக்ளஸ் மூர், கேப்டன் ஃபாண்டி. லீக் பட்டத்தையும் வென்று, டிசம்பர் 17-ல் ஷா ஆலம் அரங்கத்தில் பகாங் அணியை 4–0 என்று நொறுக்கிக் கோப்பையையும் வென்றது. அப்பாஸ் சாட் மூன்று கோல், ஃபாண்டி ஒரு கோல். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு பல்லாயிரம் ரசிகர்கள் பாலம் தாண்டி பஸ்ஸில் போய்ப் பார்த்தார்கள். சிங்கப்பூர் வென்ற 24-வது கோப்பை அது.

அதுவே கடைசிக் கோப்பையும் ஆனது.

அடுத்த சில மாதத்திலேயே சிங்கப்பூர் விலகிவிட்டது. என்ன காரணம்? போரா? அரசியலா? இல்லை. டிக்கெட் வசூலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற தகராறு. மலேசியக் கால்பந்துச் சங்கம் அதிகப் பங்கு கேட்டது. சிங்கப்பூர் சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. அதே சமயத்தில் மேட்சை விலைபேசி விற்ற சூதாட்ட விவகாரமும் வெடித்தது. மலேசியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். சிங்கப்பூரிலும் வழக்கு நடந்தது. ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த நம்பிக்கை போய்விட்டது.

நாடு இரண்டாகப் பிளந்தபோதுகூட உடையாத கோப்பை, கணக்குப் புத்தகத்தில் உடைந்தது. இந்த ஒரு வரியை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் சாரம் இதுதான்.

விலகிய சிங்கப்பூர் 1996-ல் 'எஸ்-லீக்' என்று சொந்த லீக் தொடங்கியது. ஏற்பாடெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கல்லாங்கில் கேட்ட அந்தக் கர்ஜனை அங்கே கேட்கவில்லை. ஒரே தீவுக்குள் இருக்கும் இரண்டு பேட்டைகள் மோதுவதும், சிலாங்கூர் வந்து இறங்குவதும் ஒன்றாகுமா? மலேசியாவுக்கும் நஷ்டம்தான். 55,000 பேர் வந்து பார்த்த எதிரணி அவர்களுக்கும் இல்லாமல் போனது.

2012-ல் சமாதானம் ஆனது. 'லயன்ஸ் டுவெல்வ்' என்ற பெயரில் சிங்கப்பூரின் இளைஞர் அணி மலேசிய லீக்கில் சேர்ந்தது. பதிலுக்கு 'ஹரிமாவ் மூடா' என்ற மலேசிய இளைஞர் அணி சிங்கப்பூர் லீக்கில் ஆடியது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த மாதிரி ஏற்பாடு! அந்த சிங்கப்பூர் அணிக்குப் பயிற்சியாளர் யார் தெரியுமா? நம்ம சுந்தரமூர்த்தி. 2013-ல் மலேசிய லீக் பட்டத்தை வென்றார்கள். ஃபாண்டி பயிற்சியாளராக இருந்த 2015-ல் மலேசியாவின் எஃப்.ஏ. கோப்பையையும் வென்றார்கள். அந்த வருஷக் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அணியும் கலைந்தது.

6. ஒரே தீவில் இரண்டு லீக்: அயர்லாந்து

இப்போது ஐரோப்பாவுக்குப் போவோம். சிங்கப்பூர் கதையை ஒப்பிட்டுப் பார்க்க அயர்லாந்தைவிட நல்ல இடம் இல்லை.

அயர்லாந்து ஒரே தீவு. 1880-ல் பெல்பாஸ்ட் நகரில் தொடங்கிய கால்பந்துச் சங்கம்தான் முழுத் தீவுக்கும். 1921-ல் தீவு அரசியல்ரீதியாக இரண்டானது. வடக்குப் பகுதி பிரிட்டனோடு, தெற்கு தனியாக. அந்த வருஷம் ஐரிஷ் கோப்பையின் அரையிறுதியில் டப்ளினைச் சேர்ந்த ஷெல்போர்ன் அணியும் வடக்கின் கிளெனாவன் அணியும் பெல்பாஸ்டில் மோதின. மேட்ச் டிரா. மறு ஆட்டம் டப்ளினில் நடக்கும் என்று ஷெல்போர்ன் எதிர்பார்த்தது. சங்கமோ மறுபடியும் பெல்பாஸ்டிலேயே ஆடச் சொன்னது. ஷெல்போர்ன் மறுத்துவிட்டது. அதே ஆண்டில் டப்ளினில் தனிச் சங்கம் உருவாகி, கால்பந்து இரண்டாகப் பிரிந்தது. ரக்பியிலோ இன்றுவரை முழுத் தீவுக்கும் ஒரே அணி!

மலாயாவில் கோப்பை பிறந்ததும் 1921, அயர்லாந்தில் கால்பந்து பிரிந்ததும் 1921. ஒரு பக்கம் சேர்ந்த வருஷம், இன்னொரு பக்கம் பிரிந்த வருஷம்.

பிரிந்த பிறகும் எல்லை தாண்டிய கோப்பைகளை நடத்திப் பார்த்தார்கள். நாற்பதுகளில் டப்ளின்–பெல்பாஸ்ட் நகரங்களுக்கிடையே ஒரு கோப்பை. அறுபதுகளின் கடைசியில் 'பிளாக்ஸ்னிட்' கோப்பை. எதுவும் நீடிக்கவில்லை. வடக்கில் துப்பாக்கிச் சண்டையும் குண்டுவெடிப்பும் நடந்த காலத்தில் ரசிகர்கள் பஸ் ஏறி எல்லை தாண்டுவது லேசான காரியமா? 1998-ல் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. அதற்குப் பின் 2005-ல் 'செட்டாண்டா கோப்பை' தொடங்கியது. ஒரு டி.வி. நிறுவனம் பணம் போட்டது. வடக்கு அணிகளும் தெற்கு அணிகளும் ஒரே கோப்பைக்கு மோதின. செட்டாண்டா என்பது ஐரிஷ் புராணத்தில் வரும் வீரச் சிறுவன் பெயர். பந்தை அடித்தே ஒரு பயங்கர வேட்டை நாயைக் கொன்றவனாம்!

முதல் வருஷ இறுதியாட்டத்தில் பெல்பாஸ்டின் லின்ஃபீல்ட் அணி, டப்ளினுக்கே போய் ஷெல்போர்னை 2–0 என்று ஜெயித்தது. வடக்குக்காரன் தெற்கின் தலைநகரில் கோப்பை தூக்கினான்; தூக்கிவிட்டுப் பத்திரமாக வீட்டுக்கும் போனான். சில வருஷங்களுக்கு முன் யாரும் நினைத்துப் பார்த்திருக்க முடியாத காட்சி இது. 2006, 2007 இரண்டிலும் திராகெடா, 2008-ல் கார்க் சிட்டி, 2012-ல் குரூசேடர்ஸ் என்று பல அணிகள் வென்றன. 2014-ல் ஸ்லைகோ ரோவர்ஸ் வென்றதோடு போட்டி நின்றது.

இங்கே என்ன கோளாறு? தெற்கு லீக் வசந்த காலத்தில் தொடங்கிக் குளிர்காலத்துக்கு முன் முடியும். வடக்கு லீக் ஆகஸ்டில் தொடங்கி மே வரை நடக்கும். ஒருத்தனுக்கு சீசன் ஆரம்பம், இன்னொருத்தனுக்கு சீசன் கடைசி. இரண்டு காலண்டருக்கும் பொதுவான தேதி கிடைப்பதே கஷ்டம். சொந்த லீக்கில் பட்டத்துக்காக உயிரைக் கொடுக்கிற சமயத்தில் கிளப்பின் கவனம் இன்னொரு கோப்பைக்கு எப்படித் திரும்பும்? கூட்டமும் குறைந்தது. இங்கே தேதி உடைத்தது; மலேசியாவில் பணம் உடைத்தது.

ஆனாலும் ஆசை விடவில்லை. 2019-ல் வடக்கு சாம்பியன் லின்ஃபீல்டும் தெற்கு சாம்பியன் டன்டாக்கும் இரண்டு மேட்சில் மோதினார்கள். அதற்குப் பண உதவி செய்தது ஒரு தொழிற்சங்கம்.

7. நம் கடற்கரையிலும் ஒன்று

நமக்கும் இப்படி ஒரு கோப்பை இருந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அது கிரிக்கெட்டில். பாக் ஜலசந்தியின் இரு கரையும், அதாவது சென்னை அணியும் இலங்கை அணியும், மோதிய 'கோபாலன் கோப்பை'. 1952-53 சீசனில் தொடங்கி, எழுபதுகளின் நடுப்பகுதி வரை நடந்தது. இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைக்காத காலம் அது. பெரிய ஆட்டம் ஆடிப் பழக அவர்களுக்குக் கிடைத்த களங்களில் இதுவும் ஒன்று.

எம்.ஜே. கோபாலன் யார்? இந்தியாவுக்காகக் கிரிக்கெட்டும் ஹாக்கியும் ஆடிய தமிழர். 1936-ல் இரண்டு அழைப்பு ஒரே நேரத்தில் வந்தது. ஒன்று தயான்சந்தோடு பெர்லின் ஒலிம்பிக், இன்னொன்று இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் பயணம். அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கப் பதக்கம் வாங்கியது. இவருக்கு இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. அப்படிப்பட்டவரின் பெயரில் இரண்டு நாட்டை இணைத்த ஒரு கோப்பை அமைந்தது பொருத்தம்தான்.

8. ஒரு கோப்பையை நடத்துவது எப்படி?

இனிமேல்தான் நம்ம பாடம். எந்த மெஷினையும் கழற்றிப் பார்த்தால்தான் எது தேயும், எது உடையும் என்று தெரியும். கோப்பைப் போட்டியும் ஒரு மெஷின்தான். அதற்கு நாலு முக்கிய பாகம்.

(அ) ஆட்ட அமைப்பு: ஆறு அணி என்று வையுங்கள். நாக்-அவுட் என்றால் அணிகளின் எண்ணிக்கையில் ஒன்று கழித்தால் மேட்ச் எண்ணிக்கை. அதாவது 5. சீக்கிரம் முடியும், ஆனால் பாதி அணி ஒரே மேட்சில் வீட்டுக்குப் போகும். எல்லாரும் எல்லாரோடும் ஒரு முறை ஆடினால் 6 × 5 ÷ 2 = 15. சொந்த ஊரில் ஒன்று, எதிரி ஊரில் ஒன்று என்றால் 30. நடுவழி ஒன்று உண்டு. மூன்று மூன்றாக இரண்டு பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் இரு ஊர் முறையில் 6 மேட்ச், ஆக 12. பிரிவில் முதலில் வந்தவர்கள் இறுதியில் மோத, மொத்தம் 13. ஒவ்வொரு அணிக்கும் சொந்த ஊரில் குறைந்தது இரண்டு மேட்ச் நிச்சயம். எல்லை தாண்டிய போட்டிக்கு இது முக்கியம். "நாங்க மட்டும் ஏன் எப்பவும் அங்கே வரணும்?" என்ற கேள்வி எழாது. ஷெல்போர்ன் கேட்ட கேள்வியே அதுதானே!

(ஆ) தேதி: இரண்டு பக்கத்துப் பரீட்சை, திருவிழா, சொந்தப் போட்டிகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்து, இரண்டுக்கும் காலியான நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செட்டாண்டா கோப்பையை நினைத்துக்கொள்ளுங்கள்.

(இ) பணம்: ஒரு மேட்சில் வசூல் 100 ரூபாய் என்று வைப்போம். முழுதும் சொந்த ஊர் அணிக்கே என்றால், பெரிய மைதானம் உள்ளவன் மேலும் மேலும் பணக்காரன் ஆவான். பாதிப் பாதி என்றால், "கூட்டம் எங்க ஊர் கூட்டம், உனக்கு எதுக்குப் பாதி?" என்பான். அமைப்பாளருக்கும் செலவு உண்டு. இதில் எல்லாருக்கும் திருப்தியான விகிதம் என்று ஒன்று கிடையாது. ஆனால் ஒரு வழி உண்டு. முதல் பந்து உதைக்கப்படும் முன்பே விகிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிப் பேசலாம் என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். ஜெயித்தபின், கூட்டம் சேர்ந்தபின் பேசினால் தகராறுதான்.

(ஈ) நடுவர்: இரு அணிக்கும் சம்பந்தமில்லாத ஊர்க்காரராக இருக்க வேண்டும். தீர்ப்பில் அதிருப்தி என்றால் யாரிடம், எத்தனை மணி நேரத்துக்குள் எழுத்தில் கொடுப்பது என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். மைதானத்து நடுவில் நின்று கத்துவது அப்பீல் ஆகாது!

9. நமக்கு என்ன?

நண்பர்களே, இதையெல்லாம் எழுதக் காரணம் இருக்கிறது. போன வருஷம் பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றுடன் நடந்த மேட்சில் ஆஃப்சைடு தீர்ப்பு பற்றி ஒரு வாக்குவாதம். அது முடிந்ததும் பஸ் செலவையும் டீ, டிபன் செலவையும் யார் கொடுப்பது என்று இன்னொரு வாக்குவாதம். "இனிமே அவங்களைக் கூப்பிடவே கூடாது" என்று நம் மாணவர் பேரவையில் சிலர் சொல்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகவே வரப்போகிறது.

நான் அதற்கு எதிராகக் கை தூக்கப் போகிறேன். ஏன் என்றால், நாம் சண்டை போட்டது அந்தக் கல்லூரியோடு என்று நினைக்கிறோம். உண்மையில் எழுதி வைக்காத நாலு விதியோடுதான் சண்டை போட்டோம். நடுவர் யார் என்று எழுதவில்லை. செலவு யாருடையது என்று எழுதவில்லை. இதற்குத் தீர்வு ஒரு முழு வெள்ளைத்தாளும் இரண்டு கையெழுத்தும். எதிரணியை வெட்டிவிட்டால் நமக்குள்ளேயே மெக்கானிக்கலும் சிவிலும் மோதிக்கொள்ளலாம், கோப்பையும் நம் ஆபீஸ் ரூம் அலமாரியிலேயே இருக்கும். ஆனால் மைதானத்தைச் சுற்றி நிற்கிற கூட்டம் இருக்காது. சிங்கப்பூருக்கு நேர்ந்தது அதுதான்.

நம்ம ஊர்த் தறியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பாவு மட்டும் எத்தனை முழம் நீட்டினாலும் சேலை ஆகாது. குறுக்கே ஊடை போக வேண்டும். எதிர்த்திசையில் வருகிற இழைதான் துணியைத் துணியாக்குகிறது.

ஆரணி, செய்யாறு, போளூர், வந்தவாசி, ஆற்காடு என்று சுற்று வட்டாரத்து மாணவர்கள் சேர்ந்து, ஆளுக்கொரு வருஷம் முறைவைத்து நடத்தும் ஒரு கோப்பை ஏன் கூடாது? பெரிய பணம் தேவையில்லை. மாலுமிகள் கொடுத்த ஒரு கோப்பை நூறு வருஷம் தாண்டியும் பேசப்படுகிறது. நாம் தொடங்குவது நமக்குப் பின் வரும் ஜூனியர்களாவது ஆடும்படி இருக்கட்டும்.

சிந்திப்போம்! கூட்டத்துக்கு வந்து கை தூக்குவோம்!

நினைவில் நிறுத்த

1921 – மலாயா கோப்பை தொடக்கம். சிங்கப்பூர் முதல் வெற்றி. அயர்லாந்தில் கால்பந்துச் சங்கம் இரண்டாகப் பிரிதல்.
1952-53 – சென்னை–இலங்கை கோபாலன் கோப்பை தொடக்கம்.
1965 – சிங்கப்பூர் தனி நாடாதல். அதே ஆண்டு கோப்பையும் வெல்லுதல்.
1967 – மலேசியக் கோப்பை என்று பெயர் மாற்றம்.
1977, 1980, 1994 – பின்னாளில் சிங்கப்பூர் வென்ற ஆண்டுகள்.
1999 – புருனே கோப்பை வெல்லுதல்.
2005–2014 – அயர்லாந்தில் செட்டாண்டா கோப்பை.
2012–2015 – மலேசிய லீக்கில் மீண்டும் சிங்கப்பூர் அணி.

நீங்களே செய்து பாருங்கள்

1. எட்டு அணிகள் நாக்-அவுட் முறையில் ஆடினால் எத்தனை மேட்ச்? எல்லாரும் எல்லாரோடும் ஒரு முறை ஆடினால் எத்தனை?
2. எட்டு அணிகளை நாலு நாலாகப் பிரித்து, இரு ஊர் முறையில் ஆடவிட்டு, அரையிறுதியும் இறுதியும் ஒவ்வொரு மேட்சாக வைத்தால் மொத்தம் எத்தனை?
3. மலேசியக் கோப்பையில் சிங்கப்பூர் விலகியதற்கும் செட்டாண்டா கோப்பை நின்றதற்கும் உள்ள காரணங்களை ஒப்பிடுக.
4. நம் கல்லூரியும் பக்கத்து ஊர்க் கல்லூரியும் கையெழுத்திட ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுக. (நன்றாக இருந்தால் பேரவைச் செயலாளரிடம் கொடுக்கவும். உண்மையாகவே தேவைப்படுகிறது!)

விடை: 1) 7, 28. 2) 12 + 12 + 2 + 1 = 27.